குடைக்குக் கீழே நின்றவர்

எங்கள் அம்மாள் கோயிலின் புதிய மண்டபத்தில் அந்தப் படங்களைத் தொங்கவிட்ட அன்று, நான் முற்றத்தில் வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன். வருடத்தில் ஒருமுறை வருகிற வைகாசிச் சடங்குக்கு அம்மாளின் கதவு திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. மகன் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்.

“அப்பா, கோயிலில உங்கட படம் போட்டிருக்காங்க. போய்ப் பாருங்க.”

“என்ட படமா? நான் இன்னும் சாகல்லியே மனே.”

“அதவிட மோசம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வாவிக்கும் வயலுக்கும் நடுவே, பொழுது படுகிற பக்கமான படுவான்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்மாள் தந்த நாள் என்று காலையில் எழும்பும்போது நினைப்பேன், படுக்கும்போதும் அதைத்தான் நினைப்பேன். ஊராருக்கு உடுப்பு வெளுத்துக் கொடுத்த குடி நாங்கள். இப்போது வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்துவிட்டது. எங்களிடம் வருவது கலியாண வேட்டி, கோயில் துணி, செத்தவீட்டுத் துணி மட்டும். மகன் மட்டக்களப்பு ரவுணில் குளிரூட்டி திருத்துகிறான். இருந்தாலும் சடங்கில் எங்களுக்கென்று ஒரு வேலை இருந்தது.

கல்யாணக்கால் என்பது பட்டுச் சுற்றிய ஒரு மரக்கம்பு. அதை வெட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருகிற நாளில் அந்தக் கம்புதான் அம்மாள். பூசாரியார் அதைத் தோளில் சுமந்து வருவார். தன் மூச்சு அம்மாளில் படக்கூடாது என்று வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். அவருடைய பாதம் வெறும் நிலத்தில் படக்கூடாது. அதற்காக நாங்கள் நிலபாவாடை விரிப்போம். ஒருவர் முன்னால் துணியை விரித்துக்கொண்டே போவார். மற்றவர் பின்னால் நின்று, பூசாரியார் மிதித்துத் தாண்டிய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்து முன்னால் கொடுப்பார். முன்னுக்கு நான், பின்னுக்கு மகன். முழங்கால் நோவு வந்த பிறகு என்னால் ஓட முடியாது. விரித்த துணி அம்மாளுக்கு மட்டும் உரியது. நானே அதில் கால் வைத்ததில்லை, ஓரத்தில் நின்றுதான் விரிப்பேன்.

நீலக் கையோடு மண்டபத்துக்குப் போனேன். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிற சேர் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பழைய காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் நாட்டுத் தொழிலாளர்களைப் படமாகக் கீறி வைத்தாராம். அந்தப் படங்களை இணையத்தில் எடுத்து, ரவுணில் கொடுத்துப் பெரிய பதாகைகளாக அடிப்பித்து வந்திருந்தார். ஊருக்கு மரியாதை செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

“அந்தக் காலத்துப் படத்தில ஒண்டையும் சும்மா கீறமாட்டாங்க” என்று கீழே நின்றவர்களுக்கு விளக்கம் சொன்னார். “ஆருக்குச் சால்வை தோளில கிடக்கு, ஆருக்கு இடுப்பில கட்டிக்கிடக்கு, ஆர் நம்மளப் பார்த்து நிக்கார், ஆர் பக்கவாட்டில நிக்கார், எல்லாத்திலயும் சேதி இருக்கு. வேட்டி முழங்காலுக்கு மேலயா கீழயா எண்டு பார்த்தாலே ஆளை மட்டுப்பிடிக்கலாம்.”

எல்லாரும் படங்களில் தங்கள் தங்கள் குடியின் ஆட்களைத் தேடத் தொடங்கினார்கள். முதலில் பகிடிதான். நகை செய்கிற அண்ணனைப் பார்த்து ஒருவர் கேட்டார்: “என்னண்ணே, உங்கட ஆள் ஊதுற குழல் பெரிசாக் கிடக்கு, முன்னால பவுணக் காணல்ல. அப்பவும் அப்பிடித்தானா?”

“உன்ட ஆள் தென்னையில நிக்கான். முட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு நான் கேட்டனா?”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே கடைசிப் படத்துக்கு வந்தேன்.

அதில் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். நல்ல பட்டு உடுத்தியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவன் பெரிய ஓலைக் குடையை உயர்த்திப் பிடிக்கிறான். அவர் காலுக்கு முன்னால், குனிந்து துணி விரிக்கிறவர் எங்கள் ஆள். மேலில் துணியில்லை. சால்வை இடுப்பில். முகம் பக்கவாட்டில், கண் ஒரே ஒரு கோடு. குடைக்குக் கீழே நிற்கிறவருக்கோ இரண்டு கண்ணும் எங்களைப் பார்க்கின்றன.

அந்தப் படத்துக்கு முன்னால் யாரும் பகிடி விடவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகி நின்றார்கள்.

அப்போது வண்ணக்கர் வந்தார். கோயிலுக்குப் பொறுப்பாக இருப்பவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். ஊர் வட்டையில் பாதி வயல் அவர் குடும்பத்துடையது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

“சேர், இந்தக் குடை எதுக்கு அடையாளம்?”

“வழக்கமாகப் பெரிய ஆக்களுக்குத்தான் ஐயா பிடிக்கிற. அந்தஸ்துக்கு அடையாளம்.”

“அப்ப இது எங்கட மூத்தாக்கள்” என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இஞ்ச பாரன், உன்ட ஆக்கள் துணி விரிச்சது எங்களுக்கு. நடுவில விட்டுப்போட்டீங்க.”

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது, பெரியவர் சிரிக்கும்போது வாய் தானாகச் சிரிக்கிறது.

அடுத்த நாள் அவருடைய மருமகன் எங்கள் வாசற் படலையில் வந்து நின்று செய்தி சொன்னான். கல்யாணக்கால் அன்று வண்ணக்கர் தன் வாசலில் இருந்து குடையோடு நடப்பாராம். துணி அந்த வாசலில் இருந்து விரிக்க வேண்டுமாம். “படத்தில இருக்கிற மாதிரி” என்றான்.

“அது அம்மாளுக்கு விரிக்கிற துணி தம்பி.”

“படத்தில அம்மாளா நிக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வருடம் கோடை மிகவும் கடுமையாக இருந்தது. வாவித் தண்ணீர் உள்வாங்கி, கரைச் சேறு வெடித்துக் கிடந்தது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்து, வாசலில் வேப்பிலை கட்டினார்கள். இப்படியான காலத்தில் ஊர் வாய் சும்மா இருக்காது. அம்மாள் சூடாக இருக்கிறாள், எங்கேயோ குறை நடந்திருக்கிறது என்றார்கள். பிறகு, வெளுக்கிற வீட்டார் செய்யவேண்டியதைச் செய்வதில்லையாம் என்றார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சீனியை நிறுத்தார். சந்தியில் நின்ற ஒருவர் மிகவும் அன்பாகச் சொன்னார்:

“உங்கட மகன் பொழுதுபட்டாப் பிறகுதானே வேலையால வாற? வாவிக்கரை ரோட்டு இருட்டு. பாத்து வரச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும்வரைக்கும் படலையிலேயே நின்றேன்.

மகன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தான். சாப்பிடும்போது அதைத் தாய்க்குக் காட்டினான்.

“இதுதானம்மா நம்மட பரம்பரை. முதுகு மட்டுந்தான் தெரியுது.”

“முதுகில என்ன பிழை? துணி எவ்வளவு வெள்ளையாக் கிடக்கு பாரு. மற்ற எல்லாம் மங்கிப்போச்சு, துணி மங்கல்ல” என்றேன் நான்.

“நீங்க துணியப் பாருங்க அப்பா. நான் ஆளப் பார்க்கன்.”

மனைவி சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இஞ்சேருங்க, குடைக்குக் கீழ நிக்கிற ஆளுக்கு வாயில என்ன?” என்றாள்.

“தாடியம்மா.”

“தாடி காதுக்குப் பின்னால போய் முடிச்சுப்போட்டுக் கிடக்குமா?”

“வயசான ஆள். நரைச்சிருக்கும்.”

“தாடி மட்டும் நரைச்சுப்போச்சு, தலை கறுப்பாக் கிடக்கா? அது வாய்க்கட்டு மனே.”

மகன் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். வாயைச் சுற்றி ஒரு வெள்ளை. தாடி என்றால் தாடி, துணி என்றால் துணி. ஒரு கை தோளுக்கு மேலே எதையோ பிடித்த மாதிரி உயர்ந்திருந்தது. பிடித்த பொருளைக் காணவில்லை. குடையின் நிழல் அந்த இடத்தில் கறுப்பாக அப்பியிருந்தது.

வாய்க்கட்டு என்றால் அவர் பூசாரியார். குடை அவருக்கில்லை, அவர் சுமந்த அம்மாளுக்கு. துணியும் அம்மாளுக்குத்தான். எனக்கு நெஞ்சில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வண்ணக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்று சொன்னேன்.

“ஐயா, குறை நினைக்கப்படா. அந்தப் படத்தில நிக்கிறவருக்கு வாய்க்கட்டு மாதிரிக் கிடக்கு.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்திர சேரைக் கூப்பிட்டனுப்பினார். சேர் வந்து தன் தொலைபேசியில் அந்த முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் உடைந்து சின்னச் சின்னச் சதுரங்களாகப் போய்விட்டது. வாயும் இல்லை, தாடியும் இல்லை.

“சொல்லேலாது ஐயா. கீறினவருக்கே என்ன நடக்குதெண்டு விளங்கிச்சோ தெரியாது” என்றார் சேர்.

“சொல்லேலாதெண்டா நான் சொல்றன். அது தாடி.” வண்ணக்கர் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ வெளுக்கிற துணியில ஊத்தை எங்க கிடக்கெண்டு உனக்குத் தெரியும். படத்தில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். போயிற்று வா.”

அன்று பின்னேரம் மகன் தெளிவாகச் சொல்லிவிட்டான். மனிதருக்குத் துணி விரிக்கிறதென்றால் தான் வரமாட்டானாம். அவன் வராவிட்டால் ஓடி எடுத்துத் தர யாருமில்லை. எங்கள் குடியின் மற்ற வீட்டார் எல்லாரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன். மூடிய கதவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, அவன் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்: “தாயே, உன்ட துணிய மனிசன்ட காலுக்கு விரிக்கமாட்டன்.”

மகன் கற்பூரம் அணையுமட்டும் நின்றான். “சரி, வாறன்” என்றான்.

கல்யாணக்கால் அன்று கம்பு வெட்டப் போகும்போது வண்ணக்கர் வாசல் பூட்டிக் கிடந்தது. வழமைபோல் துணி விரிக்காமலே மரத்தடிக்குப் போனோம். அம்மாள் என் குரலைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பும்போது வெயில் சரிந்திருந்தது. பறை முழங்க, பெண்கள் குரவையிட, பூசாரியார் கம்பைத் தோளில் வைத்து நடுங்கி நடுங்கி வந்தார். நான் விரித்தேன், மகன் எடுத்துத் தந்தான். துணி தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது.

வண்ணக்கர் வாசல் இப்போது திறந்திருந்தது. அவர் பட்டு வேட்டியோடு நின்றார். மருமகன் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தான். செருப்பைக் கழற்றியிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் விரித்த துணியில், பூசாரியாருக்கு முன்னால், காலைத் தூக்கி வைத்தார்.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பூசாரியார் அடுத்த அடி வைக்கிறது எங்கே? அம்மாள் உரு வந்து ஆடுகிறவரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? பூசாரியாருடைய பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அம்மாளே அம்மாளே என்று சொல்லிக்கொண்டு விரித்தேன். முன்னால் நடந்த காலை நான் பார்க்கவில்லை. ஆனால் துணியில் அந்தக் காலின் பாரம் என் கைக்குத் தெரிந்தது.

அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினேன். துணி வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மகன் சுருட்டிய துணியை வேலியோரத்தில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். பறை நின்றது. குரவை நின்றது. பூசாரியார் கடைசித் துண்டில் நின்று ஆடினார். வாய் கட்டியிருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் என்னைத் தேடியது. அத்தனை பேர் நின்றார்கள். வேலியோரத்தில் கிடந்த துணியைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. அது எங்கள் வேலை.

நான் நொண்டி நொண்டி ஓடினேன். எடுத்துக்கொண்டு வருவதற்குள் பூசாரியார் ஒரு பக்கம் சரிந்தார். அவருடைய குதிக்கால் மணலில் பட்டது. ஊரே பார்த்தது. ஒரு கிழவி “ஐயோ தாயே” என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து கோயில்வரைக்கும் நான் தனியாகவே விரித்தேன், தனியாகவே எடுத்தேன். வண்ணக்கர் எந்த இடத்தில் துணியைவிட்டு இறங்கினார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் இன்னொரு வீட்டில் வேப்பிலை கட்டியிருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் எங்கள் குடியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகனக் கூட்டிப்போகாதங்க” என்றாள். நான் தனியாகப் போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே கதிரை போட்டு வண்ணக்கர் இருந்தார். அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அம்மாளின் வாசல். திரை போட்டிருந்தது. சித்திர சேர் தூணோரத்தில் நிலத்தைப் பார்த்து நின்றார்.

“மகன் எங்க?”

“வரல்ல ஐயா.”

“அம்மாள்ற துணியப் போட்டுற்றுப் போனவன் வரல்ல. சரி, அவனுக்கும் சேர்த்து நீ மன்னிப்புக் கேள்.”

பின்னால் ஒரு குரல்: “படத்தில நிக்கிற மாதிரிக் குனிஞ்சு கேக்கச் சொல்லுங்க.”

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களும் பேசவில்லை.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குள் இருந்ததெல்லாம் மணலில் பட்ட அந்தக் குதிக்கால்தான். வேப்பிலை கட்டிய வீட்டுப் பிள்ளைகள்தான். கதிரைக்கு மேலால் பார்த்தேன். திரைக்குப் பின்னால் விளக்கு எரிவது தெரிந்தது. நான் வாக்குக் கொடுத்தது அந்த விளக்குக்கு, தவறினதும் அந்த விளக்குக்கு. சால்வையை இடுப்பில் கட்டினேன். கோயிலில் கும்பிடும்போது எப்போதும் அப்படித்தான் கட்டுவேன். முழங்கால் எவ்வளவு விட்டதோ அவ்வளவுக்குக் குனிந்து, “தாயே, பொறுத்துக்கொள்” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“சரி, சரி, எழும்பு” என்றார் வண்ணக்கர், கையை உயர்த்தி.

எங்கேயோ ஒரு தொலைபேசி படம் பிடிக்கிற சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. மகன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். நான் துணியை அலசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, கிணற்றுக்கட்டில் இருந்தான்.

“ஆருக்கப்பா குனிஞ்சீங்க?”

“அம்மாளுக்கு.”

தொலைபேசியை என்னிடம் நீட்டினான். கை ஈரம் என்று நான் வாங்கவில்லை. அவனே பிடித்துக் காட்டினான். வண்ணக்கர் கதிரையில் இருக்கிறார், கை உயர்ந்திருக்கிறது. அவர் தலைக்கு மேல் படத்துக் குடை. அவர் காலுக்கு முன்னால் என் முதுகு. இடுப்பில் சால்வை. முகம் பக்கவாட்டில். கதிரையின் முதுகோடு படம் முடிந்துவிட்டது. திரையும் இல்லை, விளக்கும் இல்லை.

அவன் இரண்டு விரலால் பெரிதாக்கி, மேலும் கீழும் நகர்த்தித் தேடினான். உண்மையாகவே தேடினான். அதை நான் பார்த்தேன்.

“இதில அம்மாள் இல்லயே அப்பா.”

“அப்பாவுக்குத் தெரியும்தானே மனே” என்றாள் மனைவி, குசினி வாசலில் நின்று.

“அப்பாவுக்குத் தெரியும். அம்மாளுக்கும் தெரியும். மறுகா வேற ஆருக்குத் தெரியும்?” தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். “இப்ப அவங்களுக்கு ரெண்டு படம் இருக்கு.”

சடங்கு முடிந்து, அம்மாளைக் குளிரப்பண்ணுகிற குளுத்தியும் ஆன பிறகு அவன் ரவுணில் அறை எடுத்துப் போய்விட்டான். தாயோடு நாளாந்தம் பேசுகிறான். என்னோடும் பேசுகிறான், சாப்பிட்டீங்களா, கால் எப்படி என்று. சடங்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். மண்டபத்தில் பழைய படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் அம்மாளின் மூடிய கதவடிக்குப் போகவேண்டும். போகிறேன். அடுத்த முறை துணியின் மறுமுனையைப் பிடிக்கிறவனை அவளே காட்டட்டும் என்று கேட்கிறேன். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசிக்கு இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் வண்ணக்கர் வீட்டில் இப்போதே கொத்தனார் வேலை நடக்கிறது. வீதிப்பக்க மதிலை உடைத்து வாசலைப் பெரிதாக்குகிறார்கள். நேற்று அந்த வழியால் வரும்போது பார்த்தேன். விரித்த குடையோடு ஒருவர் தலை தாழ்த்தாமல் வெளியே வரலாம், அவ்வளவு அகலம்.